தங்கை பேரில் அக்கா கொடுத்த ரத்தம்

ஜபொன்வோத் தீவில் நெம்னாவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. பாஸ்டரின் பிரசங்கம் நீண்டால் பின்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகக் கொட்டாவி விடுவாள். கொப்பரை வாங்க வரும் கப்பல்காரன் தராசுத் தட்டில் விரல் வைத்தால், அந்த விரலைப் பிடித்துத் தூக்கி ஊருக்கே காட்டுவாள். ஈரப்பலாக்காயைக் குழியில் புதைத்துப் புளிக்கவைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று தானே சொல்லிக்கொள்வாள். யாரும் மறுப்பதில்லை, மறுத்துவிட்டு யார் கேட்டுக்கொண்டிருப்பது. இப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

பொடி விழுந்த நாளில் அவள் தீவில் இல்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

அப்போது அவளுக்குக் கல்யாணமான புதிது. புருஷன் கெபெங்கின் அண்ணன் பிள்ளைக்குத் தெற்கே வேறொரு தீவில் முதல் பிறந்தநாள் விருந்து. பிழைத்து ஒரு வருஷம் கண்ட பிள்ளையின் விருந்தை இங்கே யாரும் தவறவிடமாட்டார்கள். ஓடம் கிளம்பும்போது எட்டு வயதுத் தங்கை லிதிக் தானும் வருவேன் என்று மணலில் புரண்டு அழுதாள். "ஓடத்துல எடமில்லடி. உன்னை ஏத்திட்டு யாரைக் கடல்ல தள்ள?" என்று நெம்னா விரட்டிவிட்டாள். ஓடத்தில் இடம் இருந்தது. புருஷனோடு போகிற இடத்தில் சின்னப் பிள்ளையைக் கட்டி மேய்க்க அவளுக்கு அலுப்பு, அவ்வளவுதான்.

அந்த மார்ச் மாத விடியலில் தெற்கே இருந்தவர்களும் பார்த்தார்கள். சூரியன் வராத திசையில் ஒரு சூரியன் வந்தது. ஆரஞ்சாக எழுந்து, வானம் பாதியை நிறைத்து, தென்னையின் நிழலைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டது. விருந்துக்குப் பன்றி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் முழங்காலில் விழுந்து ஜெபித்தார்கள். நெம்னா விழவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றாள். அப்படியொரு அழகை அவள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அதை அழகு என்று நினைத்ததற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளைக்காரர்கள் வெடித்துப் பார்த்த அணுகுண்டு அது. ஜபொன்வோத்தில் அன்று உச்சிப்பொழுதில் அதன் சாம்பல் வெள்ளைப் பொடியாக விழுந்தது. சுண்ணாம்பு போலக் கூரையிலும் குடிதண்ணீரிலும் உலரப்போட்ட மீனிலும் படிந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். லிதிக் அதை அள்ளித் தலையில் தேய்த்துக்கொண்டு, "நான் கிழவி, நான் கிழவி" என்று ஊரைச் சுற்றி வந்தாளாம். சாயங்காலத்துக்குள் உடம்பெல்லாம் அரிப்பு, வாந்தி. பிறகு கப்பல் வந்து எல்லோரையும் வேறு தீவிலிருந்த ஒரு முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. நெம்னா முகாமுக்கு ஓடிப்போய்த் தங்கையைக் கண்டபோது தலையில் முடி திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. கழுத்திலும் பாதத்திலும் தோல் கருகி உரிந்திருந்தது. அழவில்லை அந்தப் பிள்ளை. அக்காவை நிமிர்ந்து பார்த்து, "நான் வரேன்னு சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நெம்னா தன் முக்காட்டை அவிழ்த்து அந்தத் தலையில் போட்டு மூடினாள்.

மூன்று வருஷம் கழித்து, இனிப் பயமில்லை என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் மார்ச்சில் டாக்டர் கப்பல் வரும். பொடி பட்டவர்களுக்கு ஒரு எண், பொடி படாத சொந்தக்காரர்களுக்கு ஒரு எண். இரண்டு ரத்தத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டுமாம். ஆகவே நெம்னாவும் கையை நீட்ட வேண்டும். பள்ளிக்கூடக் கொட்டகையில் நாற்காலி போட்டு, ரப்பர் குழாயால் கையைக் கட்டி, கண்ணாடிக் குழலில் ரத்தம் எடுப்பார்கள். எடுத்தது கப்பலேறிப் போய்விடும். அது அங்கே போய் என்ன சொல்லிற்று என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்ற ஒரு வார்த்தைதான் திரும்பி வரும்.

"எம்புட்டு எடுத்தாலும் இவனுங்களுக்குத் தாகம் அடங்க மாட்டேங்குதே. கொசுவுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா, அது நம்ம ஊர்க் கொசு" என்பார் ஓபெத் மாமா, ஒவ்வொரு வருஷமும், அதே வரிசையில் நின்று. பொடி விழுந்த நாளில் கூரை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தவர் அவர். தோளில் இன்றும் தழும்பு உண்டு. ஜனங்கள் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்கள்.

லிதிக் சிரிக்கமாட்டாள். முகாமில் நான்கு பேர் பிடித்து அமுக்கி ஊசி போட்டிருக்கிறார்கள், ஒருநாள் இரண்டு நாள் அல்ல. கடித்தும் பார்த்திருக்கிறாள், நடக்கவில்லை. டாக்டர் கப்பலின் புகை தெரிந்தாலே தாழம்புதருக்குள் போய்ப் புகுந்துகொள்வாள். ஒரு வருஷம் பவளத்திட்டு வளைத்த உள்கடலில் கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. நெம்னா நீந்திப்போய்த் தலைமுடியைப் பிடித்தாள்.

"வாடி. ஆஸ்பத்திரிக்காரன் நெஞ்சைப் பாப்பான், நாக்கைப் பாப்பான், அதுக்கு மட்டும் நீ போ. ஊசிக்கு நான் போறேன்."

"உன்னோட நம்பருக்கா?"

"என் நம்பருக்கும் நான்தான். உன் நம்பருக்கும் நான்தான்."

"கண்டுபிடிச்சிட்டா?"

"என்னத்தைக் கண்டுபிடிப்பான்? ஒரு வயித்துல பொறந்தவங்க. உன் ரத்தம் வேற, என் ரத்தம் வேறயா?"

இதை அவள் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னாள். இங்கே நிலம் தாய்வழியாக வருகிறது. வாரிசு யார் என்று கேட்டால் "அந்த ரத்தம்" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அக்கா பிள்ளை தங்கையையும் அம்மா என்றே கூப்பிடும். அம்மாவின் ஒரு ரத்தம்தான் அத்தனை பெண்பிள்ளைகளுக்குள்ளும் ஓடுகிறது என்பது நெம்னாவுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல. சூரியன் மேற்கேயும் உதித்ததை அவள் கண்டிருந்தாள், ஆனால் இதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

இடது கையில் தன் எண்ணுக்குக் கொடுப்பாள். கொட்டகைக்குப் பின்னால் போய், லிதிக்கின் பூப்போட்ட கவுனை மாட்டிக்கொண்டு, முக்காடு போட்டு, வலது கையோடு மறுபடி வரிசையில் வந்து நிற்பாள். ரிபெல்லேக்களுக்கு, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு, நம் முகமெல்லாம் ஒன்றுதான். வருகிறவர்களும் வருஷத்துக்கு ஒருவர். ஆளுக்கொன்றாகக் கப்பலில் வைத்திருந்த அட்டையில் ஒட்டியிருந்த லிதிக்கின் படமோ முகாமில் எடுத்தது. எண் எழுதிய பலகையைப் பிடித்தபடி ஒரு மொட்டைத்தலைப் பிள்ளை. அதற்கு எந்தப் பெண்ணின் முகமும் பொருந்தும்.

கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் ஜோரிக். தீவின் மருந்துக்கொட்டகையைப் பார்த்துக்கொள்பவன். கப்பல் வந்தால் மொழிபெயர்ப்பதும், எண் கூப்பிடுவதும், கையைக் கட்டிவிடுவதும் அவன்தான். ஆனால் அவன் நெம்னாவின் சித்தி மகன், அதனால் இங்கே கூடப்பிறந்த தம்பி. கூடப்பிறந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே பேச்சிலும் பார்வையிலும் ஒரு வேலி இருக்கிறது. உடம்பு, பிள்ளைப்பேறு, ரத்தம் என்று ஒரு வார்த்தை அவர்களுக்கு நடுவே வரக்கூடாது. வந்தால் அவனை மனுஷனாக யாரும் மதிக்கமாட்டார்கள். எனவே அக்கா தங்கை எண் வந்ததும் ஜோரிக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். ரப்பர் குழாயை முதுகுக்குப் பின்னால் நீட்டுவான். நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள், எந்தக் கவுன், எந்தக் கை என்று ஒருநாளும் அவன் பார்த்ததில்லை. மரியாதைக்காரப் பிள்ளை.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு மார்ச்சில் கப்பலின் தலைமை டாக்டர் லிதிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பொடி பட்டவர்களில் இவளுடைய ரத்தம் மாதிரி யாருக்கும் தேறவில்லையாம். பொடி படாதவர்களைப் போலவே ஆகிவிட்டதாம். சர்ச்சில் அவளுக்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவர்கள்கூட லிதிக்கைப் பார்த்துத் தேறுதல் அடைந்தார்கள். டாக்டர் ஒரு டப்பா பழம் பரிசு கொடுத்தார். அக்காவும் தங்கையும் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைத் தின்றுவிட்டு, சாறையும் குடித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நெம்னாவுக்கு உள்ளூர ஒரு பெருமை. ஓடத்தில் ஏற்றாமல் போனதற்கு வருஷத்துக்கு ஒரு குழல் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நிம்மதி. தன்னுடைய ரத்தம் நன்றாக இருக்கிறதென்றால் அவளுடையதும் அப்படித்தானே இருக்கும்? லிதிக் மேல் காரணமில்லாமல் கருநீலத் தடிப்புகள் வந்தன. பல் துலக்கினால் ரத்தம் நிற்க நேரமானது. கல்யாணமான பிறகு இரண்டு கரு தங்காமல் போயின. ஒருமுறை லிதிக் டாக்டரிடமே சொல்லிப் பார்த்தாள். அவர் அட்டையைப் புரட்டி, "உன் ரத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அட்டையில் இருந்ததைத்தான் சொன்னார்.

மூன்றாவது கரு தங்கியது. அந்த வருஷம் கப்பல் வந்த சமயத்திலேயே லிதிக்குக்கு வலி எடுத்தது.

கப்பலோ அன்று காலைதான் வடக்குத் திட்டுகளுக்கு மண்ணும் தென்னை நண்டும் சேகரிக்கப் போயிருந்தது. வழிகாட்ட லிதிக்கின் புருஷனையே கூட்டிப்போயிருந்தார்கள். கரையில் தங்கியவர்கள் இரண்டு பேர்: டாக்டர் ஐரிஸ் என்ற பெண், அவளிடம் வேலை பார்க்கும் ரஸ் என்ற செம்பட்டைத் தலை இளைஞன். பெண் டாக்டர் என்பதால் நெம்னா தைரியமாகக் கூப்பிட்டனுப்பினாள். பிள்ளை நடுப்பகலில் பிறந்தது. பெண். கை, கால், விரல், நகம் என்று நெம்னா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் இருந்தன. பொடிக்குப் பிறகு இந்தத் தீவில் எல்லாம் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது யாருக்கும் உடனே பேச்சு வராது.

பிறகு ரத்தம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பாய் நனைந்து, கீழே போட்டிருந்த கூழாங்கல் சிவந்தது. ஐரிஸ் வயிற்றை அழுத்திப் பிசைந்தாள், ஊசி போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே பாய்த்தட்டிக்கு அந்தப் பக்கம் ஜோரிக் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஐரிஸ் கத்திக் கேட்டதை அவன் மொழிபெயர்க்கவில்லை. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வரக்கூடாது. நெம்னா கையால் ஜாடை காட்டிச் சமாளித்தாள். லிதிக்கின் உதடு, அன்று உள்கடலில் நின்ற நிறத்துக்கு வந்துவிட்டது.

ஐரிஸ் அட்டையைப் பார்த்தாள். ரஸ்ஸிடம் ஏதோ சொன்னாள். அவன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துப் பாயில் படுத்தான். இதை மட்டும் ஜோரிக் வெளியிலிருந்து தடுமாறிச் சொன்னான்:

"அக்கா, அவனோடதை... எடுத்து... ஏத்தப் போறாங்க. அவனுக்கும் ஏ வகையாம். அட்டைலயும் ஏ வகைன்னு இருக்காம். சோதிச்சுப் பாக்க நேரமில்லயாம், வருஷா வருஷம் அதேதான் வந்திருக்காம்."

"வகைன்னா?"

"ஆளுக்கு ஆள் ரத்தம் வேற வேற வகை, அக்கா. மாத்தி ஏத்தினா ஆள் செத்துப்போவாங்க."

"கூடப்பொறந்தவங்களுக்குமா?"

"கூடப்பொறந்தவங்களுக்கும்தான்."

நெம்னா ரஸ்ஸின் பக்கம் திரும்பினாள். ரஸ்ஸின் கையில் ஊசி இறங்கிவிட்டது. பாட்டிலில் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"அது அவளோடது இல்ல!" என்று அவள் அலறினாள். "அட்டைல இருக்கறது என்னோடது! அவளோடதை யாருமே எடுத்ததில்ல. அத்தனை வருஷமும் நான்தான் கொடுத்தேன். ஜோரிக், சொல்லு அவகிட்ட!"

தட்டிக்கு அப்பால் ஜோரிக் தொண்டையைச் செருமினான்.

"சொல்லுடா! வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"அக்கா, நான் எப்படி... நீங்க ரெண்டு பேரும் என் கூடப்பொறந்தவங்க. ரத்தத்தைப் பத்தி நான்..."

"இன்னைக்கு நீ பேசலன்னா நாளைக்கு உனக்குக் கூடப்பொறந்தவ ஒருத்திதான்டா இருப்பா!"

ஜோரிக் எழுந்தான். தட்டியைத் தள்ளிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி, உள்ளே வந்துவிட்டான். தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு, நெம்னா சொல்லச் சொல்ல, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னான். நாற்காலி, கவுன், முக்காடு, தன் முதுகு. வாசலில் கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நெம்னா செய்ததற்காக அல்ல, ஜோரிக் செய்ததற்காக. இன்றுவரை அதைப் பற்றி ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள், ஆனால் அவனைக் கண்டால் பெரியவர்களும் எழுந்து நிற்கிறார்கள்.

ஐரிஸ் ஒரு வெள்ளை ஓட்டுத்துண்டை எடுத்தாள். லிதிக்கின் விரலில் ஒரு குத்து. இரண்டு புட்டியிலிருந்து இரண்டு சொட்டு மருந்தில் அந்த ரத்தத்தைக் கலந்து ஆட்டினாள். ஒன்றும் ஆகவில்லை, சிவப்பாக வழுவழுவென்று ஓடியது. நெம்னா தன் விரலை நீட்டினாள். அவளுடைய ரத்தம் அந்த மருந்துகளில் ஒன்றில் பட்டதும் திரிந்த பால் போலக் குறுணை குறுணையாகப் பிரிந்து நின்றது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரு வயிறு, ஒரு பால், ஒரு பாய். ஆனாலும் இது வேறு, அது வேறு. நெம்னா அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றாள். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. தனக்குள்ளே தனக்கென்றே ஒன்று இவ்வளவு நாளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, தனக்கே தெரியாமல்.

"ஓ வகை," என்றான் ஜோரிக், கண்ணைத் திறக்காமல். "ஓ மட்டும்தான் அவளுக்குச் சேருமாம். ரஸ்ஸோடது ஆகாது. அக்கா... உன்னோடதும் ஆகாது."

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லு."

"ஆகாதுக்கா. உன்னோடது அவளைக் கொன்னுடும்."

யாரும் கேட்காத காலத்தில் குழல் குழலாகக் கொடுத்தவள், கேட்கிற நாளில் வெறுங்கையோடு நின்றாள். இதைவிட ஒரு அடி ஒரு பெண்ணுக்கு விழுமா? சுவரோரம் போய் உட்கார்ந்து, புதுப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, முக்காட்டால் வாயை அடைத்துக்கொண்டாள்.

ஐரிஸ் ரஸ்ஸின் கையிலிருந்த ஊசியை உருவினாள். அவனை எழுப்பிவிட்டுத் தானே அந்தப் பாயில் படுத்தாள். ஐரிஸுக்கும் ஓ வகை. பாட்டில் நிறைந்தது, லிதிக்கின் கையில் ஏறியது. ஆனால் ஒன்று போதாது. வாசலில் நின்ற ஓபெத் மாமா கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னோடது ஓ-ன்னுதான் ஜோரிக் சொல்லுவான். எடுங்க."

ஐரிஸ் அவர் தோள் தழும்பைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். ஜோரிக் சொன்னான்: "வேண்டாம்னு சொல்றாங்க, மாமா. நீங்க பொடி பட்டவர். உங்களுக்கே கொஞ்சம்தான் இருக்காம்."

"ஓஹோ!" கிழவருக்குக் கோபம் வந்து அன்றுதான் ஊர் பார்த்தது. "வருஷா வருஷம் உறிஞ்சினப்ப கொஞ்சமா இருக்குன்னு தெரியலயா? கப்பல்ல ஏத்தி அனுப்பறதுக்கு நல்ல ரத்தம், எங்க புள்ளைக்கு ஏத்தறதுக்கு மட்டும் ஆகாத ரத்தமா? இத்தனை வருஷம் போயிட்டே இருந்துச்சும்மா. ஒரு தடவை உள்ள வரட்டும். படுக்கறேன், எடு."

ஜோரிக் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். ஐரிஸ் படுத்தபடியே கிழவர் பக்கம் திரும்பினாள். அவளுடைய கண் கலங்கியதை நெம்னா கண்டாள். பிறகு ஓபெத்தின் விரலில் ஒரு சொட்டு எடுத்து அதை லிதிக்கின் ரத்தத்தோடு கலந்து ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். குறுணை கட்டவில்லை. ரஸ்ஸிடம் தலையசைத்தாள்.

ஓபெத்தின் ரத்தம், பாட்டிலில் சூடு ஆறுமுன், ஆளிலிருந்து ஆளுக்குப் போனது. தீவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இந்தச் சிவப்பு எப்போதும் கையைவிட்டுப் போவதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். குழாய் வழியாக அது ஒரு கைக்குள் இறங்குவதை அன்றுதான் கண்டார்கள். ஒரு பெண் மெதுவாகப் பாட்டு எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிவதற்குள் பாயில் ரத்தம் நின்றுவிட்டது.

அதற்குள் ரஸ், ரத்தம் ஏற்றுமுன் எடுத்த லிதிக்கின் சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தான். ஐரிஸ் எழுந்து தள்ளாடிப் போய்ப் பார்த்தாள், வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நெம்னாவைக் கூப்பிட்டாள். முதலில் நெம்னாவின் சொட்டு: சிவப்பு வட்டங்களுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் ஊதாப் பொடிமணிகள், ரத்தம் கட்டுவதற்கு உதவுகிறவை. பிறகு லிதிக்கினுடையது. வட்டங்கள் இருந்தன. பொடிமணி ஒன்று இங்கே, ஒன்று அங்கே. தேடித்தான் காண வேண்டியிருந்தது.

"இவ்வளவு கொஞ்சத்தை வெச்சுக்கிட்டு எப்படி நடமாடினாள்னு தெரியலங்கறாங்க," என்றான் ஜோரிக்.

நெம்னாவுக்குத் தெரியும் தங்கை எப்படியெல்லாம் நடமாடினாள் என்று. துடுப்புப் போட்டாள். கொப்பரை மூட்டை சுமந்தாள். இரண்டு கருவை இழந்துவிட்டு மூன்றாவதைச் சுமந்தாள், பெற்றாள். கர்த்தரே, இந்த ஒன்றிரண்டு மணிகளையா வைத்துக்கொண்டு! பொடியின் சூரியனைப் பார்த்தபோது மடங்காத முழங்கால் நெம்னாவுக்கு இப்போது மடங்கியது. நுண்ணோக்கி வைத்திருந்த மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில்தான் லிதிக் தெளிவாகக் கண்ணைத் திறந்தாள். பிள்ளையைப் பக்கத்தில் போட்டார்கள். கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க. நீ கத்தலயே."

"உள்ள வந்துச்சுல்ல, அதான். உன்னோடதாக்கா?"

நெம்னா தலையை ஆட்டினாள். "என்னோடது உனக்கு ஆகாதாம்டி. டாக்டரம்மாவோடது ஒரு பாட்டில், ஓபெத் மாமாவோடது ஒரு பாட்டில்."

"அய்யோ, அவர் பையனுக்கு என் நாத்தனாரைப் பேசிட்டிருக்காங்க. ரத்தம் கொடுத்துட்டாரே, இனி அவர் எனக்கு அப்பா முறையா?"

"அதை அவரே ஊர் பூரா சொல்லிட்டாரு. பொண்ணு பொறந்திருக்காளாம், இருபத்தி நாலு வயசுல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லிதிக்தான் முதலில் நிறுத்தினாள். கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப, கை குலுக்கினாங்களே, பழம் கொடுத்தாங்களே, அதெல்லாம் உன்னைப் பாத்துத்தானா?"

"ஆமா."

"இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தரும் பாக்கவே இல்லயா, அக்கா?"

ஓடத்தில் ஏற்றாத பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவள், இதற்குச் சொன்னாள். "நான்தான்டி மறைச்சுட்டு நின்னேன். உனக்கு முன்னாடி நின்னா உன்னைக் காப்பாத்தறதா நெனச்சேன். நேத்து குழாய்க் கண்ணாடில உன்னைப் பாத்தேன். கொஞ்சமாத்தான் இருக்கே. ஆனா ஒண்ணுகூட ஓடிப்போகாம நின்னுக்கிட்டு இருக்கு."

லிதிக் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் கப்பல் திரும்பியது. ஐரிஸ் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டியின் அந்தப் பக்கம் ஜோரிக் பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தான். விரல் நுனியில் ஒரு சொட்டுப் போதும், இனிமேல் இவளுடையதை இவளிடமே தொடர்ந்து பார்க்க வேண்டும், வேண்டாமென்றால் வற்புறுத்தமாட்டேன் என்று ஐரிஸ் சொன்னாள். ஜோரிக் திக்காமல் அதைச் சொல்லிமுடித்தான்.

லிதிக்கின் முகம் வெளுத்தது. அதைக் கண்டதும், பழக்கதோஷம், நெம்னாவின் கை தானாக நீண்டுவிட்டது.

லிதிக் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"தள்ளு," என்றாள். "அவங்க என்னைப் பாக்கட்டும்."